ஏறும்போது காலி, இறங்கும்போது கனம்

லிஃப்ட் மெக்கானிக்காக இருப்பவன் லிஃப்ட் உள்ள கட்டிடத்தில் குடியிருக்கக் கூடாது. இது எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. ஆனால் அந்தத் தொழிலில் இருபது வருடம் ஓட்டிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நம் கதையின் மெக்கானிக்குக்குக் கம்பெனியில் மூத்தவர் ஒருவர், தான் பராமரிக்கும் கட்டிடத்திலேயே மலிவாகக் கிடைத்தது என்று ஒரு வீட்டை வாங்கினார். அதற்குப் பிறகு அவர் ஒரு நாளாவது முழுதாகக் குளித்ததில்லை. தலையில் நுரையோடு நிற்கும்போது கதவைத் தட்டுவார்கள். லிஃப்ட் நின்றுவிட்டது என்பார்கள். நிற்காவிட்டாலும் தட்டுவார்கள், ஒரு மாதிரிச் சத்தம் வருகிறது, வந்து கொஞ்சம் கேட்டுப் பாருங்கள் என்று. கடைசியில் அவர் சொந்த வீட்டுக்கே திருடன் மாதிரி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறிப் போய்வந்தார்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் நம் மெக்கானிக் குன்றின் மேல் சொந்தமாக வீடு வாங்கினான். நகரத்திலிருந்து பதினோரு கிலோமீட்டர், வளைந்து வளைந்து ஏறும் ரோடு. மேலே நாற்பது வீடுகள். ஒன்றுக்கும் முதல் மாடிக்கு மேல் கிடையாது. அங்கே அவன் என்ன வேலை பார்க்கிறான் என்று தெரிந்தவர்கள்கூட அதை ஏதோ கப்பல் வேலை மாதிரி, தங்களுக்குச் சம்பந்தமில்லாததாக நினைத்தார்கள். எட்டு வருடமாக அவன் நிம்மதியாகக் குளித்தான்.

பிரச்சினை காரில் வந்தது. நான்கு மாதத்துக்கு முன் ஒரு காம்பாக்ட் எஸ்யூவி வாங்கியிருந்தான். சாதாரணக் காரின் உடம்பையே எடுத்து, கொஞ்சம் உயரத்தில் தூக்கி வைத்து, தோளை அகலமாக்கி, முகத்தில் கோபத்தை வரவழைத்தால் கிடைக்குமே, அந்த வண்டி. விற்றவன் லிட்டருக்கு இருபது கொடுக்கும் என்றான். காகிதத்திலும் இருபது என்றுதான் போட்டிருந்தது. கொடுத்தது பன்னிரண்டு.

மனைவிக்கு எண்களோடுதான் பிழைப்பு. கீழே ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்துப் பவர் எழுதிக் கொடுப்பவள். எதிராளி எந்த வரிசையில் தடுமாறுகிறான் என்பதைக் காத்திருந்து பார்க்கும் பொறுமை அவளிடம் உண்டு. நான்கு மாதம் காத்திருந்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல், சர்வீஸ், டயர் தேய்மானம், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பிரித்து ஒரு தாளில் எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். பக்கத்தில் இன்னொரு தொகை. அது கீழே அவள் தம்பி குடியிருக்கும் கட்டிடத்தில், நாலாவது மாடியில், தம்பி வீட்டுக்கு நேர் எதிரே காலியாக இருக்கும் வீட்டின் வாடகை. கடை அங்கிருந்து ஐந்து நிமிட நடை. ஏழாம் வகுப்பு படிக்கும் மகளின் பள்ளிக்கூடம் எட்டு நிமிடம்.

அந்தக் கட்டிடத்து லிஃப்டைப் பராமரிப்பவன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அவன் காகிதத்தில் போட்டிருக்கும் இருபதைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். அது பொய் இல்லை, அதை அளக்கிற விதம் அப்படி என்று விளக்கினான். காரை ஒரு அறைக்குள் உருளைகள்மேல் நிறுத்தி, சக்கரத்தை மட்டும் சுற்றவிட்டு அளப்பார்கள். அங்கே மேடு கிடையாது, எதிர்காற்று கிடையாது, ஏசி போட மாட்டார்கள், பின்சீட்டில் யாரும் உட்கார்ந்து ஏசி போடச் சொல்லவும் மாட்டார்கள்.

"அப்போ அந்த ரூமுக்குள்ள வீடு பாருங்க," என்றாள் மனைவி.

கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. ஒன்றாம் தேதி காலை ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் திரையில் சராசரி மைலேஜை அழித்து, பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். மாதம் முழுக்க இடையில் அழிக்கக் கூடாது. முப்பதாம் தேதி அது பதினேழு காட்டினால், மேலே இருப்பதும் கீழே வாடகைக்கு இருப்பதும் செலவில் ஒன்றுதான் என்று அவள் கணக்கு சொல்கிறது. அப்படியானால் மேலேயே இருப்பார்கள். பதினேழுக்கு ஒரு புள்ளி குறைந்தாலும் கீழே.

"எப்படி வேணா கொண்டுவாங்க. நான் தலையிட மாட்டேன்," என்றாள். இந்தக் கடைசி வாக்கியம் கவனிக்க வேண்டியது. அவன் கவனிக்கவில்லை.

முதல் வாரம் எல்லோரும் செய்வதைச் செய்தான். டயரில் காற்று சரிபார்த்தான். ஏசியை நிறுத்தினான். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று மச்சினன் போனில் சொன்னபோது, அவனுக்குக் கால் மணி நேரம் பாடம் நடத்தினான். கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சக்கரங்களே எஞ்சினைச் சுற்றிவிடும், எனவே வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் தன் உயிரைத் தானே பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும், அதற்கு அது குடித்துத்தான் ஆக வேண்டும். போதாததற்கு முழு பாரமும் பிரேக்கின் தலையில் விழும். மச்சினன் "சரிங்க மாமா, சரிங்க மாமா" என்று சொல்லிக்கொண்டே எதையோ மென்றுகொண்டிருந்தான்.

ஏழாம் தேதி திரை பதினான்கு புள்ளி இரண்டு காட்டியது.

அன்று மதியம் ஒரு வங்கிக் கட்டிடத்தில் லிஃப்டின் மேல் உட்கார்ந்து கயிற்றுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவனுக்கு அந்த யோசனை உதித்தது. லிஃப்டை மோட்டார்தான் தூக்குகிறது என்று எல்லோரும் நம்புகிறார்கள். உண்மையில் கயிற்றின் மறுமுனையில் ஓர் எதிர்பாரம் தொங்குகிறது. காலி லிஃப்டின் எடை, அதோடு நிறைந்த ஆட்களின் எடையில் ஏறக்குறைய பாதி, இரண்டையும் சேர்த்தால் வருவது அதன் எடை. ஆகவே காலி லிஃப்ட் மேலே போகும்போது மோட்டாருக்கு அதைத் தூக்கும் வேலையே இல்லை, அது பறந்து போகாமல் பிடித்து நிறுத்துவதுதான் வேலை. அதே மாதிரி நிறைய ஆட்களோடு இறங்கும்போதும் பாரம் தானாகவே இறங்கும். சுருக்கமாகச் சொன்னால், ஏறும்போது காலியாகவும் இறங்கும்போது கனமாகவும் இருக்கும் லிஃப்டுக்குச் செலவே இல்லை.

எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்துவிட்டு அவன் தன் குன்றைப் பற்றி யோசித்தான். மேலே நாற்பது வீடுகளில் நூற்றைம்பது பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் பஸ்ஸிலோ, பின்புறம் இருக்கும் ஆயிரத்தைந்நூறு படிகளிலோ, யாரோ ஒருவர் செலவில் அந்த உயரத்துக்கு ஏறி வந்தவர்கள். ஒவ்வோர் உடம்புக்குள்ளும் முந்நூறு மீட்டர் உயரம் முறுக்கிய வில் மாதிரி சேர்ந்து கிடக்கிறது. அவர்கள் அது தெரியாமல் துணி காயப்போட்டுக்கொண்டும் பேப்பர் படித்துக்கொண்டும் இருக்கிறார்கள்.

மறுநாள் காலை அவன் குளியலறை எடைப்பொறியைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினான். யார் கீழே போக வேண்டுமானாலும் காரில் இலவசம் என்று அறிவித்தான். தையற்காரம்மா ஐம்பத்திரண்டு கிலோ. ஓய்வு பெற்ற தபால்காரர் அறுபத்து நான்கு. ஆனால் உண்மையான புதையல் கோடி வீட்டில் நோட்டுப் புத்தகம் பைண்டிங் செய்பவர்தான். ஆள் தொண்ணூற்று ஆறு. தினமும் கடைக்குக் கொண்டுபோகும் நோட்டுக் கட்டுகள் இன்னும் எழுபது. அவரை எடைப்பொறியில் பார்த்தபோது அவன் கண்ணில் தெரிந்த ஈரத்தை, தன்மேல் அவன் வைத்த அன்பு என்று அவர் எடுத்துக்கொண்டார்.

பழைய லிஃப்ட் ஒன்றிலிருந்து கழற்றி வைத்திருந்த தகட்டைக் காரின் டேஷ்போர்டில் ஒட்டினான். 'ஐந்து நபர்கள், 340 கிலோ.' வண்டிக்கு அதைவிடச் சற்றுக் கூடவே தாங்கும் என்றாலும் தொழில் பழக்கம் விடுமா? பிரேக்கையும் வாரம் ஒருமுறை கழற்றிப் பார்த்தான். பாரம் கூடினால் கார் இறக்கத்தில் திரட்டும் வேகம், நடுவில் வரும் மூன்று சமதள இடங்களையும் காலை அழுத்தாமலே தாண்ட வைக்கும். அந்த மூன்று இடங்களிலும் அவன் மூச்சைப் பிடித்துக்கொள்வான். கொஞ்ச நாளில் பின்சீட்டில் இருப்பவர்களும் பிடித்துக்கொள்ளத் தொடங்கினார்கள்.

மாலையில் காலியாக ஏற வேண்டும். டூல்பாக்ஸ் நாற்பது கிலோ. அதை மச்சினன் வீட்டில் இறக்கிவைத்தான், மறுநாள் எடுத்துக்கொள்ளலாம், வேலை கீழேதானே. நகருக்குள் சுற்றக் கம்பெனி ஸ்கூட்டர் இருந்தது. மனைவியும் மகளும் மினி பஸ்ஸில் வந்தார்கள். மகளுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். ஒருநாள் மினி பஸ் ஜன்னலிலிருந்து முன்னால் காலியாகப் போகும் தங்கள் காரைப் பார்த்து, அது யார் வண்டி என்று கேட்ட தோழியிடம் தெரியாது என்று சொல்லிவிட்டாள்.

பதினெட்டாம் தேதி பதினாறு புள்ளி ஒன்று.

அன்றைக்குத்தான் பைண்டர் கேட்டார். காலையில் இறக்கிவிடும்போது கதவைத் திறக்கவில்லை, அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். நேத்து சாயங்காலம் பஸ் ஸ்டாப்புல நின்னேன். நீங்க தனியாத்தான் போனீங்க. கைகூடக் காட்டினேன்."

"பார்த்தேங்க."

"பார்த்துமா போனீங்க?"

அவன் மறைக்காமல் விளக்கினான். எதிர்பாரம், சேர்ந்து கிடக்கும் உயரம், சராசரி எல்லாவற்றையும் சொன்னான். நீங்கள் மேலே இருக்கும்போது எனக்குச் சொத்து, கீழே இருக்கும்போது சுமை, இதில் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை என்றான். ஒரு விஷயம் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துவிட்டால் யாருக்கும் கோபம் வராது என்பது அவன் நம்பிக்கை. பைண்டருக்கு நன்றாகவே புரிந்தது.

மறுநாள் காலை கார் அருகில் யாரும் இல்லை. தையற்காரம்மா, தபால்காரர், பைண்டர் மூவரும் நோட்டுக் கட்டுகளோடு பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். அவன் காரை மெதுவாக்கியபோது மூவரும் ஒரே திசையில், ஏதோ விமானம் போகிற மாதிரி, வானத்தைப் பார்த்தார்கள்.

பாரத்துக்கு என்ன செய்வது? தண்ணீர் கேனை நிரப்பி எடுத்துப்போய்க் கீழே கொட்டலாம். ஆனால் குன்றின் மேல் தண்ணீர் வருவது லாரியில்; அதைக் கீழே கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றுகிறான் என்று தெரிந்தால் வானத்தைப் பார்ப்பதோடு விட மாட்டார்கள். கல் ஏற்றினான். மூன்று நாள் முந்நூறு முந்நூறு கிலோ கல். மச்சினன் கட்டிடத்துப் பார்க்கிங்கில் அது ஒரு சின்னக் குன்றாக எழுந்தது. நான்காம் நாள் வாட்ச்மேன் இரண்டு கையையும் விரித்து நின்று, இன்னொரு கல் இறங்கினால் தன் வேலை போய்விடும் என்றார். மூன்று நாள் கல்லையும் அவனே வாடகை வண்டி பிடித்து அள்ளிப் போட வேண்டியதாயிற்று.

அன்று இரவுச் சாப்பாட்டில், தலையிட மாட்டேன் என்று சொன்ன மனைவி, தலையிடாமலே ஒரு வார்த்தை சொன்னாள்.

"வாஷிங் மெஷின் எவ்வளவு கனம் இருக்கும்?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். வாஷிங் மெஷினுக்குள் ஒரு கான்கிரீட் கட்டி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. டிரம் வேகமாகச் சுற்றும்போது மெஷின் ஊர்ந்து போகாமல் இருக்க அதை வைத்திருப்பார்கள். அவனுக்குத் தெரியும். எழுபது கிலோ என்றான்.

"கீழ தம்பி வீட்டுக்கு எதிர்ல காலியாத்தானே கெடக்கு. சாவி தம்பிகிட்டத்தான் இருக்கு. மாசம் முடியற வரைக்கும் வெச்சுக்கலாம்னு சொன்னான்."

பின்சீட்டை மடித்தால் வாஷிங் மெஷினும், அதைச் சுற்றி மகளின் பழைய புத்தகங்களும், இரண்டு பூந்தொட்டிகளும் கச்சிதமாக உட்கார்ந்தன. அன்று மூன்று சமதளங்களையும் கார் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு தாண்டியது. கீழே மச்சினனும் அவனும் மெஷினை லிஃப்டில் ஏற்றினார்கள். அந்த லிஃப்ட் நாலாவது மாடிக்கு ஒரு முனகல்கூட இல்லாமல் போனதைக் கேட்டு அவனுக்கே பெருமையாக இருந்தது.

அடுத்த நாள் தையல் மெஷினும் கட்டிலின் கால்களும். அதற்கடுத்த நாள் மெத்தைகள். மெத்தைக்கு எடை குறைவு, இடம் அதிகம், அது வீண் டிரிப் என்று அவன் முணுமுணுத்தான். பிறகு பாத்திரங்கள். இரும்புப் பீரோவைத் தட்டு தட்டாகக் கழற்றினான். திருகாணிகளை ஒரு டப்பாவில் போட்டு, எந்தத் திருகாணி எந்தத் தட்டுக்கு என்று ஒட்டுத்தாளில் எழுதினான். துப்புரவாக வேலை செய்வது ரத்தத்தில் ஊறிய பழக்கம். மனைவி ஒவ்வொரு நாளும் எதையாவது எடுத்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள், கனமான சாமான் முதலில். அவளுக்குக் கூட எதிர்பாரத்தின் நுட்பம் பிடிபட்டுவிட்டதே என்று அவன் நெகிழ்ந்தான். மெத்தை கீழே இருந்ததால் அவளும் மகளும் கீழேயே படுத்துக்கொண்டார்கள். அதுவும் நல்லதுதான். அவன் ஒரு பாயை விரித்து, மேலே தனியாகப் படுத்தான்.

சராசரி என்பது மெதுவாக நகர்வது. பெரிய அண்டாவில் கலந்த உப்பு மாதிரி, ஆரம்பத்தில் கெட்டுப்போனதைச் சரிசெய்ய முடிவில் நிறையவே ஊற்ற வேண்டும். இருபத்தெட்டாம் தேதி பதினாறு புள்ளி எட்டு. இருபத்தொன்பதில் பதினாறு புள்ளி ஒன்பது. கடைசி நாளுக்கு ஒரே ஒரு பெரிய பாரம்தான் வீட்டில் மிச்சமிருந்தது. ஃப்ரிட்ஜ். அதை நிமிர்த்தி வைக்க வண்டியில் உயரம் போதவில்லை. படுக்கவைத்தால் கம்ப்ரஸரின் எண்ணெய் குழாய்க்குள் இறங்கிவிடும், கீழே கொண்டுபோனதும் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகுதான் போட வேண்டும். இதைத் தனக்குத் தானே சத்தமாக விளக்கிக்கொண்டே அவன் அதைப் படுக்கவைத்து ஏற்றினான். கேட்க வீட்டில் யாரும் இல்லை. ஆனால் கூடம் பதில் சொன்னது. அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் அது திருப்பிச் சொன்னது.

இறங்கினான். ஃப்ரிட்ஜைச் சேர்த்தான். காலியாக ஏறினான். வீட்டு வாசலில் காரை நிறுத்தித் திரையைப் பார்த்தபோது பதினேழு புள்ளி பூஜ்யம் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பதினேழு புள்ளி ஒன்று ஆனது போலவும் தோன்றியது.

ஜெயித்துவிட்டான். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வீட்டுக்குள் ஓடினான். சுவரில் காலண்டர் மாட்டியிருந்த ஆணி இருந்தது. பாய் இருந்தது. குளியலறை எடைப்பொறி இருந்தது. பழக்கத்தில் அதன்மேல் ஏறி நின்றான், அறுபத்தேழு. வீட்டில் மிச்சமிருந்த கனமான பொருள் அவன்தான்.

கீழே போய், மனைவியைப் பார்க்கிங்குக்கு அழைத்துவந்து, திரையைக் காட்டினான். அவள் இரண்டடி தள்ளி நின்றே படித்துவிட்டாள். முகத்தில் ஏமாற்றம் துளியும் இல்லை.

"பதினேழு ஒண்ணு. சரி, நீங்க ஜெயிச்சிட்டீங்க. சொன்ன சொல் சொன்னதுதான். மேலேயே இருப்போம்," என்றாள். பிறகு புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "சாமானை எப்போ ஏத்தலாம்?" என்று கேட்டாள்.

அவன் மனதுக்குள் ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தான். வாஷிங் மெஷின், பீரோ, ஃப்ரிட்ஜ், கட்டில், தையல் மெஷின், டூல்பாக்ஸ், மகள், மனைவி. எல்லாம் முந்நூறு மீட்டர் மேலே. லிட்டருக்கு எட்டு வருமா? ஏழா? அந்த ஒரு வாரத்திலேயே அண்டா முழுக்கக் கரித்துவிடும். வாடகை லாரி பிடித்தால் அதன் செலவைத் தாளில் எங்கே எழுதுவது? பதினேழு என்பது உண்மை. ஆனால் எதுவும் திரும்ப ஏறாத வரைக்கும்தான் அது உண்மை.

"நான் மேலயும் இருக்கத் தயார், கீழயும் இருக்கத் தயார்," என்றாள் மனைவி. "கணக்கு எது சொல்லுதோ அது."

அவன் காரை அங்கேயே பூட்டினான். அந்த எண் கெட்டுவிடக் கூடாது என்று அதற்குப் பிறகு பல வாரம் அதை ஸ்டார்ட் செய்யவில்லை. நடந்து போக முடிகிற தூரத்தில் எல்லாம் இருந்ததால் தேவையும் வரவில்லை. அடுத்த மாதத்துப் பெட்ரோல் செலவு பூஜ்யம் என்று மனைவி தாளில் எழுதி, ஃப்ரிட்ஜில், பழைய இடத்திலேயே, அதே காந்தத்தை வைத்து ஒட்டினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவன் தலையில் ஷாம்பூ போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். வாசல் கதவு தட்டப்பட்டது. அவன் தண்ணீரை நிறுத்தி, மூச்சையும் நிறுத்தினான். மனைவி கதவைத் திறப்பது கேட்டது. பிறகு குளியலறைக் கதவுக்கு வெளியே அவள் குரலும், அதன் பின்னால் இரண்டாவது மாடிக்காரர் குரலும்.

"சார், மன்னிச்சுக்குங்க. லிஃப்ட்டு காலியாப் போனா ஜோராப் போகுது. ஆள் ஏறினா மட்டும் நின்னுடுது."

நுரை கண்ணில் இறங்கியது.

"அது ஒழுங்காத்தான் வேலை செய்யுது," என்றான் உள்ளேயிருந்து. "ஆளுங்களை நடந்து ஏறச் சொல்லுங்க."